காய்ச்சல் விட்ட மறுநாள் ஓடாதீர்கள்

போன வாரம் விடிகாலை, தெப்பக்குளத்தைச் சுற்றிப் புதிதாக ஓட வரும் தம்பி ஒருவர் இருமிக்கொண்டே ஓடினார். "நேத்துதான் காய்ச்சல் விட்டுச்சுண்ணே, வேர்த்தாச் சரியாப் போயிரும்" என்றார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். படிக்கட்டில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். பத்து நிமிஷம் கழித்தும் நாடி 104.

ஷூ, தண்ணீர் பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள். இதயத்தையும் நுரையீரலையும் தொடுகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

காய்ச்சலோடு ஓடுவது

அப்போது தூங்கி எழுந்ததும் என் நாடி 54. காய்ச்சல் விட்ட மறுநாள் 72. பார்த்துவிட்டும் அழகர்கோவில் ரோட்டில் கிளம்பினேன். எட்டாவது கிலோமீட்டரில் நெஞ்சுக்குள் மீன் துள்ளினாற்போல ஒரு அடி. பிறகு தாறுமாறாக அடித்தது. கண் இருட்டியது. இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர்தான் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றினார். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். இதயத் தசையில் அழற்சி. நான்கு மாதம் ஓடவில்லை.

காய்ச்சல் தரும் வைரஸ் சிலருக்கு இதயத் தசையையும் தாக்கும். அந்த நிலையில் மூச்சிரைக்க ஓடினால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிரே போகலாம். வேர்த்தால் வைரஸ் வெளியேறாது. எத்தனை தடவை சொன்னாலும் இந்த நம்பிக்கை சாகவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி இருந்தால் ஓட்டமே வேண்டாம். விட்ட பிறகும், காலை நாடி பழைய எண்ணுக்கு இறங்கும்வரை நடை மட்டும். படபடப்போ நெஞ்சுவலியோ இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் நடையும் வேண்டாம்.

தினமும் மூச்சு வாங்க ஓடுவது

நுரையீரல் பெரிதாகும் என்று நினைத்து ஓடுகிறார்கள். ஆகாது. மூச்சுத் தசைகள் பலப்படும், அவ்வளவுதான். மாறுவது இதயம். இடது கீழறை விரிந்து, ஒரு துடிப்புக்குக் கூடுதல் ரத்தம் தள்ளும். அதனால்தான் பழகியவர்களுக்கு நாடி இறங்குகிறது. இந்த மாற்றம் வர, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் பெரும்பாலான நாளுக்குப் போதும்.

சித்திரை வெயிலில் அதே வேகம்

வியர்வையில் ரத்தத்தின் நீர் குறையும். இதயம் அதை ஈடுகட்டக் கூடுதலாக அடிக்கும். வேகத்தைக் குறையுங்கள்.

போகிப் புகையில் ஓடுவது

சும்மா இருக்கையில் நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுக்கிறோம். வேகமாக ஓடுகையில் நூறைத் தாண்டும். அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

'ஓடுகிறவனுக்கு அடைப்பு வராது'

வரும். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பிய ஜிம் ஃபிக்ஸ் 1984-இல், 52 வயதில், ஓடப்போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய அப்பாவுக்கும் இளவயதிலேயே இதயநோய். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் முதலில் பரிசோதனை.

நெஞ்சு இறுகும்போது 'இன்னும் ஒரு சுற்று'

நில்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.