மின்தேக்கி கண்மாய் அல்ல: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஊருணியையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்த இராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் ‘மின்தேக்கி’ என்று சொன்னவுடன், வெளியிலிருந்து வந்த மின்னூட்டம் உள்ளே நிரம்பிக் கிடக்கும் ஒரு கொள்கலத்தையே அவர்கள் மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். மற்றத் தவறுகள் பலவும் இந்தப் படத்திலிருந்துதான் பிறக்கின்றன. உண்மையில் மின்தேக்கி என்பது, இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்கும் இரண்டு உலோகத் தகடுகள்தான். ஒரு தகட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் வந்து சேர்கிறதோ, அதே அளவு மறு தகட்டிலிருந்து வெளியேறிவிடுகிறது. ஆகவே கருவியின் நிகர மின்னூட்டம் சுழிதான். தேங்குவது ஆற்றல், அது தேங்கும் இடம் தகடுகளுக்கு நடுவிலுள்ள மின்புலம்.

அந்த ஆற்றலைக் கணக்கிடும்போது மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்கி, அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். மின்னேற்றம் தொடங்கும்போது எதிர்த்து நிற்க மின்னழுத்தமே இல்லை, முடியும் தறுவாயில்தான் முழு மின்னழுத்தமும் எதிரே நிற்கிறது என்பதால், சேமிக்கப்படுவது அந்தப் பெருக்கற்பலனில் பாதி மட்டுமே. மின்கலத்திலிருந்து நேராக மின்னேற்றினால் மறுபாதி கம்பியில் வெப்பமாகிவிடும். தடித்த கம்பி போட்டாலும் இந்தப் பங்கு மாறாது.

மின்காப்புப் பொருளை இடையில் நுழைத்தால் ஆற்றல் எப்போதும் கூடும் என்று எழுதுகிறவர்களும் உண்டு. மின்கலம் இணைந்திருக்கிறதா, கழற்றப்பட்டதா என்று பார்க்காமல் இதற்கு விடை சொல்லவே கூடாது. ஒப்புமை விடுதிறன் (அதே மின்னழுத்தத்தில் மின்தேக்கி ஏற்கும் மின்னூட்டத்தை, வெற்றிடத்தைவிட எத்தனை மடங்காக்கும் என்ற எண்) 5 உடைய பொருள் இடைவெளியை முழுதும் நிரப்பினால், மின்கலம் இணைந்திருக்கும்போது மின்னூட்டமும் ஆற்றலும் 5 மடங்காகும். கழற்றிய பின் நுழைத்தாலோ மின்னூட்டம் மாறாது, மின்னழுத்தமும் ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இப்படிக் குறைந்துபோன ஆற்றல், அந்தப் பொருளை மின்புலம் தானே உள்ளே இழுக்கும் வேலையில் செலவாகிறது.

தூய நீரின் ஒப்புமை விடுதிறன் சுமார் 80, பாலிபுரோப்பிலீன் படலத்தினுடையது 2.2 என்பதைப் படித்துவிட்டு, ஈரம் பட்டால் மின்தேக்கிக்கு நல்லதுதானே என்று கேட்டார் ஒரு மாணவர். நல்ல கேள்விதான். ஆனால் நம் கடற்கரையில் படிவது உப்பு கலந்த ஈரம். அதிலுள்ள அயனிகள் மின்சாரத்தைக் கடத்திவிடும். கடத்தும் பொருளுக்குள் மின்புலம் நிலைத்து நிற்காது.

மண்டபம், பாம்பன் பக்கத்து வீடுகளில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், ‘கண்டன்சர் வீக்’ என்பார்கள். கண்டன்சர் என்பது மின்தேக்கிதான். பல நேரங்களில் அது சரியாகவே இருக்கும். ஆனால் உள்ளேயிருந்த கரண்ட் கசிந்துவிட்டது என்று அதற்குக் காரணம் சொல்வது தவறு. 2.5 மைக்ரோஃபாரட் (மின்தேக்குத்திறனின், அதாவது ஒரு வோல்ட்டுக்கு ஏற்கும் மின்னூட்டத்தின், அலகு) என்று அச்சிட்ட ஒரு பழைய கண்டன்சரை மீட்டரில் வைத்தபோது 1.4 காட்டியது. மின்னிறக்கிவிட்டு, அதை அறுத்து, படலச் சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளிபோல் மின்ன வேண்டிய படலத்தின் ஓரங்களில் உலோகப் பூச்சே இல்லாமல் தெளிந்த திட்டுகள் தெரிந்தன. அந்தப் பூச்சுதான் தகடு. முனைகளின் அடைப்பு வழியே நுழையும் ஈரம் அதை அரித்துவிடுகிறது. தகட்டின் பரப்பு குறையக் குறைய மின்தேக்குத்திறனும் குறைகிறது.

புதிதாக மாற்றும்போது, வேகம் கூடட்டும் என்று 2.5-க்குப் பதிலாக 4 மைக்ரோஃபாரட் போடக் கூடாது. மின்விசிறி மோட்டாரில் கண்டன்சரோடு இணைந்த துணைச் சுருளில் மின்னோட்டம் மிகுந்து சூடேறும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே என்று 250 வோல்ட் கண்டன்சரை வாங்குவதும் பிழை. சுருளோடு தொடராக இணைவதால் கண்டன்சரின் மீது விழும் மின்னழுத்தம் வழங்கல் மின்னழுத்தத்தைவிட அதிகமாகலாம். அதனால்தான் 440 வோல்ட் என்று அச்சிட்டு விற்கிறார்கள்.

மிகவும் அஞ்ச வேண்டிய தவறு, சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று உடனே கை வைப்பது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்ச அளவான 325 வோல்ட்டில் 2.5 மைக்ரோஃபாரட் சேமிப்பது 0.13 ஜூல், இன்வெர்ட்டர் ஏசியின் மின்சுற்றுப் பலகையில் 470 மைக்ரோஃபாரட் இருந்தால் அது சுமார் 25 ஜூல், உயிருக்கே ஆபத்தான அளவு. ஸ்க்ரூடிரைவரால் முனைகளைக் குறுக்கே தொட்டால் பொறி பறந்து முனை உருகும். உள் இணைப்பும் கெடலாம். 10 கிலோ ஓம், 10 வாட் மின்தடையைக் காப்பிட்ட பிடிகளால் அரை நிமிடம் இணைத்து, பிறகு மீட்டரில் சரிபார்ப்பதே முறை. மின்காப்புப் பொருளின் முனைவாக்கத்தில் (மின்புலத்தால் அதனுள் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்று விலகி நிற்பதில்) ஒரு பகுதி மெதுவாகத்தான் தளரும் என்பதால், சுழி காட்டிய முனைகளில் சற்று நேரத்தில் மீண்டும் மின்னழுத்தம் தோன்றக்கூடும். எனவே வேலை முடியும் வரை இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தே வைத்திருங்கள்.