டிஸ்கில் இடம் இருந்தும் "இடமில்லை" என்று வந்தால்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் கணக்கும் டிசைன் படங்களும் காரைக்குடியில், ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் ஓடுகின்றன. பத்து வயதான மெஷின். போன மாதம் அங்கே வேலை பார்க்கும் பெண் போன் செய்து, "அண்ணே, புது டிசைன் படம் ஏறவே மாட்டேங்குது, இடமில்லைன்னு வருது" என்றார். அதைச் சரிசெய்த வழி இது. தூரத்திலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் நுழைவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் ஸ்மார்ட்சிடிஎல், டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று சொல்லும் கட்டளை. அது தரும் பட்டியலில் 197 என்ற எண்ணில் தொடங்கும் வரியின் கடைசி எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் படிக்க முடியாமல் திணறும் செக்டார்கள், அதாவது டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகள், இருக்கின்றன. வேறு எதையும் தொடாமல் உடனே நகல் எடுங்கள். எங்களுக்குப் பூஜ்யம்.

அடுத்து காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் -எச். புரோகிராம்கள் தங்கள் தரவை எழுதும் 20 ஜிபி 'வார்' பகுதியில் 9 ஜிபி காலி என்றது. இங்கேதான் ஒரு ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டேன். பழைய பேக்கப்புகளை அழித்தேன், இன்னும் 3 ஜிபி கிடைத்தது, படம் மட்டும் ஏறவில்லை.

காரணம் ஐநோடு. ஒரு ஃபைலின் விவரங்களையும் அது டிஸ்கில் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துவைக்கும் பதிவு அது; ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டும். லினக்ஸில் டிஸ்கை ஒழுங்குபடுத்தும் இஎக்ஸ்டி4 முறையில் எத்தனை ஐநோடு என்பது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. 20 ஜிபிக்குச் சுமார் 13 லட்சம். பட்டறைக்காரர்களிடம் இப்படிச் சொன்னேன்: கல்லைக் காயவைக்கத் தளம் காலியாகக் கிடக்கிறது, கலவையை ஊற்றி வார்க்கும் கண்ணாடிதான் தீர்ந்துவிட்டது. உடனே புரிந்துகொண்டார்கள். டிஎஃப் கட்டளையில் எச்சுக்குப் பதிலாகச் சின்ன ஐ போட்டதும் 100% என்று வந்தது.

ஃபைல்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்க்க என்சிடியூவை விட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சின்ன சி அழுத்தினால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை ஃபைல் என்று காட்டும். உள்ளே நுழைபவர்களுக்காகத் தற்காலிகமாக எழுதப்படும் செஷன் ஃபோல்டர் ஒன்றில் 12 லட்சம் குட்டி ஃபைல்கள், பாதிக்கு மேல் உள்ளே ஒன்றுமில்லாத காலி ஃபைல்கள்.

இவற்றை அழிக்க, ஆர்எம் கட்டளையுடன் நட்சத்திரக்குறி போட்டால், பட்டியல் நீளம் என்று மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையில் ஏழு நாளுக்கு முந்தையதைத் தேடி, பட்டியல் சரிதானா என்று பார்த்துவிட்டு, அப்புறம் -டிலீட் சேருங்கள். அதையே, குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் கிரானில் தினமும் ஓட விடுங்கள்.

பின்சேர்க்கை: என்சிடியூவை நிறுவவே முடியவில்லை என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். புரோகிராம்களை நிறுவும் ஏபிடியும் 'வார்' பகுதியில்தான் எழுதும், அதனால் அதுவும் நின்றுவிடும். டியூ கட்டளையில் --ஐநோட்ஸ் சேர்த்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். பெரிய லாக் ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றவருக்கு: ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 அதன் பெயரைக் காட்டும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் இடம் வந்துவிடும்.