உதவித்தொகை கொடுக்கப் புறப்படும் முன்னாள் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாய், சிங்கப்பூர், நியூ ஜெர்சி என்று எங்கே வேலை பார்த்தாலும், படித்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒரு வயதில் வந்துவிடுகிறது. பழைய வகுப்பு வாட்ஸ்அப்பில் ஒன்று சேர்கிறது. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பணமும் சேர்கிறது. அந்தப் பணத்தைச் சென்னையில் மாணவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பழைய குழுக்கள் செய்த அதே தவறுகளைப் புதிய குழுக்களும் வரிசையாகச் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். கணக்கு எழுதுங்கள், ரசீது வாங்குங்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வருடத்தோடு கைவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

வியாசர்பாடியில் ஒரு பெண். அப்பா இல்லை, அம்மா நாலு வீட்டில் வேலை செய்பவர். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது. அரசுக் கல்லூரி, செலவும் குறைவு. ஆனால் ஒரு குழு உதவ முன்வந்தது என்று நம்பி, அதை விட்டுவிட்டு இன்ஜினியரிங்கில் சேர்ந்தாள். முதல் வருடப் பணம் ஒழுங்காக வந்தது. அடுத்த வருடம் குழுவில் பேசி, "இந்த முறை புதியவர்களுக்கு வாய்ப்புக் கொடுப்போம்" என்று முடிவெடுத்துவிட்டார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அக்கா, போன வருஷம் மாதிரி ஃபார்ம் எப்பக்கா வரும்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

செமஸ்டர் தேர்வு வந்தது. பாக்கி இருக்கிறது என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள். அம்மா காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகுக்கடையில் வைத்தார். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை டிக்கெட் கைக்கு வந்தது. அந்த செமஸ்டரில் அவளுக்கு இரண்டு பேப்பர் அரியர். அதே வாரம் குழுவில் புதிய மாணவர்களின் படம் போட்டு, வரிசையாகக் கைதட்டல்.

யாருமே உதவ வராமல் இருந்திருந்தால் அந்தப் பெண் பிராட்வேயில் நிம்மதியாகப் படித்திருப்பாள். அரைக் கிணறு தாண்ட வைப்பதற்கு, உதவாமலே இருந்துவிடலாம்.

இவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, கணக்குப் போடுவதில்லை, அவ்வளவுதான். தலைக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 பேருக்கு 3 லட்சம். வருடத்துக்கு 10 பேரைச் சேர்த்துக்கொண்டே போனால் நான்காம் வருடம் உங்கள் பொறுப்பில் 40 பேர் இருப்பார்கள். தேவை 12 லட்சம். திரட்ட முடிவது 3 லட்சம்தான் என்றால் வருடத்துக்கு 2 பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காம் வருடம் 8 பேர், 2 லட்சத்து 40 ஆயிரம். முதல் வருடங்களில் மிஞ்சுவதை வங்கியில் போட்டு வையுங்கள். யாருக்காவது வேலை போய் நன்கொடை நின்றாலும், சேர்த்த பிள்ளைகள் படிப்பை முடித்துவிடுவார்கள். "இரண்டே பேரா?" என்று குழுவில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது

கவுன்சலிங்கில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசே கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் (மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதல்) இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். இதெல்லாம் இருக்கும்போது உங்கள் பணமும் அதே கட்டணத்துக்குப் போவானேன்? பிள்ளைகள் திணறுவது கல்லூரி பஸ், மெஸ் பில், தேர்வுக் கட்டணம், லேப்டாப் இவற்றில்தான். முதலில் இ-சேவை மையத்துக்கு உடன் போய் வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்கிக் கொடுங்கள். அரசிடமிருந்து வர வேண்டியது வந்த பிறகு, மீதி எவ்வளவு என்று கேளுங்கள்.

மதிப்பெண்ணை வைத்தே தேர்ந்தெடுப்பது

600க்கு 590 எடுத்த பிள்ளைக்கு உதவ நிறையப் பேர் வருவார்கள். 430 எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அட்டைக் காசோலையோடு மேடையில் படம் எடுப்பது

வேண்டவே வேண்டாம்.

பணம் எந்த வழியில் வரும் என்று கடைசியில் யோசிப்பது

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். உங்கள் குழுவில் நிச்சயம் இரண்டு வகையும் இருப்பார்கள். வெளிநாட்டுப் பணத்தை வாங்கும் அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். "பதிவு இருக்கிற பெரிய அறக்கட்டளைக்கு அனுப்புவோம், அவர்கள் நம் சின்ன அறக்கட்டளைக்கு மாற்றிவிடுவார்கள்" என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கு வழியே இல்லை. புதிதாக அறக்கட்டளை தொடங்கினால் பதிவு உடனே கிடைக்காது. பொதுவாக மூன்று ஆண்டு இயங்கி, 15 லட்சமாவது நற்பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். ஆடிட்டரை ஜனவரியிலேயே பாருங்கள்.

சென்னையில் ஆள் இல்லாமல் நடத்துவது

காலை பத்து மணிக்கு ஒரு மாணவி கல்லூரி அலுவலக வாசலில் நின்றுகொண்டு போன் செய்கிறாள். நியூ ஜெர்சியில் அப்போது நள்ளிரவு. 2015, 2023 டிசம்பர் மழையில் புத்தகம், சான்றிதழ் எல்லாம் நனைந்து போன பிள்ளைகளுக்கும் உதவி மறுநாளே தேவைப்பட்டது. அதனால் சென்னையில் இருக்கும் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். 10,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் அவர் கொடுக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். கணக்கை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.