80-இல் நிறுத்திய சார்ஜை வெளிச்சத்தில் மீட்பது எப்படி?

விண்டோஸ் 11 லேப்டாப்பில், நாள் முழுக்கச் சார்ஜரைச் சொருகியே வேலை பார்ப்பவர்களுக்கான வழி இது: பேட்டரி தேயாமலிருக்கச் சார்ஜை 80%-இல் நிறுத்துவது, அதனால் குறையும் நேரத்தைத் திரை வெளிச்சத்தைக் குறைத்து ஈடுகட்டுவது.

முதலில் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பேட்டரி அறிக்கைக் கோப்பு எங்கே போனது என்று அடுத்த வரியிலேயே காட்டும். அட்மினாகத் திறந்திருந்தால் அது விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் கிடக்கும். அதில் டிசைன் கெபாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 41,000 மில்லிவாட்-அவர் என்றிருந்தால் மிச்சம் 82%.

அடுத்தது, சார்ஜ் எதுவரை ஏறலாம் என்ற வரம்பு. லித்தியம் அயன் செல் 100%-இல் சுமார் 4.2 வோல்ட்டில், சிலவற்றில் அதற்கும் மேலே நிற்கும். அந்த மின்னழுத்தமும் சூடும் சேர்ந்தால் தேய்மானம் வேகமாகும். லெனோவோ வான்டேஜ் ஆப்பில் 'கன்சர்வேஷன் மோட்', மைஏசூஸ் ஆப்பில் 'பேட்டரி கேர்', எச்பி பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் செட்டிங்ஸ் திரை) 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்', டெல் பயாஸில் 'கஸ்டம்' சார்ஜிங் என்று ஆளுக்கொரு பெயர். பயாஸில் இருந்தால் அங்கேயே வையுங்கள். விண்டோஸை மறுபடி போட்டாலும் மாறாது, பின்னணியில் ஓட ஆப்பும் வேண்டாம்.

பலரும் குழம்புவது இதற்குப் பிறகுதான். பேட்டரி 96-இல் இருக்கும்போது வரம்பை 80 என்று வைத்தால் எண் உடனே இறங்காது. சார்ஜரைக் கழற்றி 80-க்குக் கீழே ஒருமுறை கொண்டுபோக வேண்டும். தொடக்கம் 75, முடிவு 80 என்று இரண்டு எண் கேட்கும் மாடல்களில், 78-இல் சொருகினால் சார்ஜே ஏறாது. 75-க்குக் கீழே போனால்தான் தொடங்கும். 'சார்ஜ் ஏறவில்லை' என்ற வாசகத்தைப் பார்த்துப் புது சார்ஜர் வாங்கிவிடாதீர்கள்.

இப்போது திரை வெளிச்சம். கண்மதிப்பில் குறைப்பதை விட அளந்து குறையுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற, சென்சார் அளவுகளைக் காட்டும் ஆப்பை 'சென்சார்ஸ் ஒன்லி' என்று திறந்து, சார்ஜரைக் கழற்றி, 'சார்ஜ் ரேட்' வரியைப் பாருங்கள். மைனஸில் காட்டுவதுதான் செலவாகும் வாட். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நிமிடம் பொறுங்கள், எண் நிலைக்கட்டும். 15 அங்குல எல்சிடியில் முழு வெளிச்சத்திலிருந்து பாதிக்கு வந்தால் இரண்டு வாட் குறைவது சகஜம். மேலே சொன்ன 41 வாட்-அவர் பேட்டரியை முழுதாக ஏற்றி 10 வாட்டில் ஓட்டினால் 4.1 மணி நேரம். 80%-இல் நிறுத்தி 8 வாட்டில் ஓட்டினாலும் அதே 4.1 மணி நேரம்தான்! 120 ஹெர்ட்ஸ் திரையை 60-க்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். டார்க் மோட் ஓலெட் திரைக்குத்தான் உதவும். எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

பின்சேர்க்கை: கறுப்புப் பக்கத்துக்குப் போனதும் வெளிச்சம் தானாக மங்குகிறதா? டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பிரைட்னஸ் பக்கத்து அம்புக்குறியைத் திறந்து, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றும் வசதியை 'ஆஃப்' செய்யுங்கள். அது இல்லையென்றால் இன்டெல் கிராஃபிக்ஸ் ஆப்பில் 'டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்' என்று இருக்கும். அளப்பதற்கு முன்பே இதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாட் கணக்கு தள்ளாடும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று மின்வாரியம் அறிவித்திருந்தால் முந்தின இரவே வரம்பைத் தூக்கி 100 ஏற்றிக்கொள்ளுங்கள். பயாஸில் வைத்தவர்கள் இதற்கு ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டும். மைஏசூஸில் 24 மணி நேரத்துக்கு மட்டும் முழு சார்ஜ் என்று ஒரு தேர்வு உண்டு. அது தானே 80-க்குத் திரும்பிவிடும்.