முன்பின் தெரியாதவருக்கு உதவும்போது கை எங்கே போக வேண்டும்?

உதவ வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடுகிறது. கைதான் தவறான இடத்துக்குப் போகிறது. பார்வையற்றவரின் கோலைப் பிடித்து இழுப்பது, வலிப்பு வந்தவரின் வாய்க்குள் எதையாவது செருகுவது, விழுந்தவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவது: மூன்றுமே நல்ல மனத்தோடு செய்யப்படுபவை, மூன்றுமே காயத்தில் முடியக்கூடியவை. தெரிந்து செய்ய வேண்டியவை சிலதான். அவற்றை அமைதியான நேரத்தில் படித்து வைத்துக்கொள்வது நல்லது, அந்த இடத்தில் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது.

கேட்கும் விதம்

“உதவி வேண்டுமா?” என்று பொதுவாகக் கேட்டால், வேண்டியவர்கூட வாய்தவறி “வேண்டாம்” என்றுதான் சொல்வார். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்: “அந்தப் பையை மேலே ஏற்றித் தரட்டுமா?”, “நானும் சாலையைக் கடக்கத்தான் நிற்கிறேன், சேர்ந்து போகலாமா?” இப்படிக் கேட்டால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். சம்மதம் கிடைக்கும்வரை அவரையோ, அவருடைய கோல், நாற்காலி, பை எதையுமோ தொடக் கூடாது. மறுத்தால் “சரி” என்று சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். இரண்டாம் முறை வற்புறுத்துவது உங்கள் திருப்திக்காக மட்டுமே. பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவரிடம் மட்டும் இந்தக் கணக்கு கிடையாது.

கூட்டத்தில் ஓர் ஆளைக் குறிவையுங்கள்

1968-இல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தனித்தனி அறைகளில் இருந்து, அறைகளை இணைக்கும் பேச்சுக் கருவி (இன்டர்காம்) வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தவர்கள் 31 விழுக்காடுதான். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல, வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தவர்கள்.

அதனால் “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்” என்று கத்துவதில் பயனில்லை. ஒருவரைக் கைகாட்டி, அடையாளம் சொல்லி, வேலையைக் கொடுங்கள்: “நீலச் சட்டை போட்டிருக்கிறீர்களே, நீங்கள்தான். அவசர எண்ணுக்குப் பேசுங்கள், பேசிவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள்.” திரும்பி வந்து சொல்லச் சொல்வது முக்கியம். இல்லையென்றால் அழைப்பு போனதா என்பதே தெரியாது. இன்னொருவரை வாசலிலோ சாலை முனையிலோ நிறுத்தி, வண்டிக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். படம் எடுப்பவரிடமும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் கைப்பேசி பெரும்பாலும் தானாகவே கீழிறங்கிவிடும்.

பார்வையற்றவருக்கு வழிகாட்டும்போது

தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இதுதான். முதலில் குரல் கொடுங்கள். முன்னால் வந்து, உங்களிடம்தான் பேசுகிறேன் என்பது புரியும்படி பேசுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் யாரும் திடுக்கிடுவார்கள்.

அவர் சம்மதித்ததும், எந்தப் பக்கம் வசதி என்று கேட்டுவிட்டு, உங்கள் புறங்கையால் அவர் புறங்கையை லேசாகத் தொடுங்கள். அவரே உங்கள் கையைப் பற்றி மேலேறி, முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். நீங்கள் அவரைப் பிடிக்கக் கூடாது, அவர்தான் உங்களைப் பிடிக்க வேண்டும். அரை அடி முன்னால் நீங்கள் நடப்பீர்கள். நீங்கள் நிற்பதும் திரும்புவதும் ஏறுவதும் உங்கள் உடல் வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கையைப் பிடித்து முன்னால் தள்ளினால், பள்ளத்தில் முதலில் கால் வைப்பவர் அவராகிவிடுவார்.

குறுகலான இடம் வந்தால் சொல்லிவிட்டு, பிடித்திருக்கும் கையை உங்கள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அவர் உங்களுக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். படிக்கட்டில் முதல் படிக்கு முன் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்பதைச் சொல்லுங்கள். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டுங்கள், ஒரு படி முன்னால் நீங்கள் செல்லுங்கள், கடைசிப் படியில் “முடிந்தது” என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் இல்லாத படிக்குக் கால் தேடித் தடுமாறுவார்.

உட்கார வைக்க வேண்டுமா? தோளை அழுத்தாதீர்கள். அவர் கையை நாற்காலியின் முதுகுப்பகுதியில் வைத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

“இங்கே”, “அங்கே”, “அதோ” என்ற சொற்களால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. “உங்கள் இடப்பக்கம் இரண்டடி தள்ளி ஒரு தூண்” என்று சொல்லுங்கள். மேசையில் இருப்பவற்றைக் கடிகார முள் கணக்கில் சொல்லலாம்: தண்ணீர் 2 மணிப் பக்கம், தட்டு நேர் முன்னால், 12 மணியில். வழிகாட்டி நாய் கூட இருந்தால் அதைத் தடவவோ அதற்குத் தின்னக் கொடுக்கவோ கூடாது, அது வேலையில் இருக்கிறது. நாய் இல்லாத பக்கமாக நில்லுங்கள். விலகும்போது “நான் கிளம்புகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போய்விட்டால் அவர் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருப்பார். திறந்த வெளியின் நடுவில் விடாமல், ஒரு சுவரையோ கம்பியையோ அவர் கை தொடும்படி விட்டுச் செல்வது இன்னும் நல்லது.

சக்கர நாற்காலி

நாற்காலி அவர் உடலின் ஒரு பகுதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சாய்வது, பை மாட்டுவது, கேட்காமல் தள்ளுவது கூடவே கூடாது. தள்ளச் சொன்னால், கிளம்புவதற்கு முன் அவர் பாதங்கள் மிதிப்பலகையில் இருக்கின்றனவா, துணியின் நுனி சக்கரத்தில் சிக்கும்படி தொங்குகிறதா என்று பாருங்கள். நிற்கும் இடத்திலெல்லாம் பிரேக் போடுங்கள்.

நடைபாதை மேடு ஏற: மேட்டுக்கு நேராக நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்கு அருகே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒரு காலால் மிதித்து, கைப்பிடியைக் கீழ்நோக்கி இழுத்தால் முன்சக்கரங்கள் எழும். அவற்றை மேட்டின்மேல் வைத்துவிட்டு, பின்சக்கரங்கள் மேட்டைத் தொடும்வரை தள்ளி, பிறகு உருட்டி ஏற்றுங்கள். சாய்ப்பதற்கு முன் “சாய்க்கிறேன்” என்று ஒரு வார்த்தை.

இறங்கும்போது நேர் எதிர். நாற்காலியைத் திருப்பி, நீங்கள் முதலில் இறங்கி, பின்சக்கரங்களை மெதுவாக இறக்குங்கள். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்து விழுவார். செங்குத்தான சரிவிலும் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். கைவைக்கும் பகுதியையோ மிதிப்பலகையையோ பிடித்து நாற்காலியைத் தூக்காதீர்கள். பல நாற்காலிகளில் அவை கழன்று வரும்படிதான் செய்யப்பட்டிருக்கும். மோட்டார் நாற்காலியைத் தூக்கும் எண்ணமே வேண்டாம், ஆள் இல்லாமலே 100 கிலோவைத் தாண்டுபவை உண்டு.

விழுந்த முதியவர்

முதல் இரண்டு நிமிடம் எழுப்பாதீர்கள். சுற்றி நிற்பவர்கள் எழுப்பச் சொல்லி அவசரப்படுத்துவார்கள், காதில் வாங்காதீர்கள். பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கேளுங்கள்: எங்கே வலிக்கிறது? தலையில் அடிபட்டதா? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவு என்று சந்தேகப்பட வேண்டும். கழுத்திலோ முதுகிலோ கடும் வலி, கைகால் மரத்துப்போதல், குழப்பமான பேச்சு இருந்தாலும் அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். போர்வையோ சட்டையோ போர்த்திவிடுங்கள், தரையில் கிடப்பவருக்குக் குளிர் சீக்கிரம் ஏறும்.

இவை எதுவும் இல்லை, அவரும் எழ விரும்புகிறார் என்றால், உறுதியான இரண்டு நாற்காலிகள் வேண்டும். அவரை ஒருக்களிக்கச் சொல்லி, பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலைக்கு வரச் சொல்லுங்கள். ஒரு நாற்காலியை அவர் முன்னால் வையுங்கள். இரு கைகளையும் இருக்கையில் ஊன்றி, பலமான காலின் பாதத்தை முன்னால் தரையில் வைத்து, உந்தி எழுவார். அந்த நொடியில் இரண்டாவது நாற்காலியை அவருக்குப் பின்னால் நகர்த்துங்கள், அதில் உட்காரட்டும். பாரம் முழுவதும் அவருடைய கைகால்களில்தான். உங்கள் வேலை நாற்காலி வழுக்காமல் பிடிப்பதும் அடுத்த அசைவைச் சொல்வதும். கையைப் பிடித்து இழுத்தால் அவர் தோள்மூட்டு விலகும், உங்கள் முதுகும் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தவுடன் நடக்க விடாதீர்கள், சில நிமிடம் போகட்டும். தலைசுற்றித்தான் விழுந்தார் என்றால் மறுபடியும் சுற்றும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால், எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் மருத்துவரிடம் போயாக வேண்டும். மண்டைக்குள் கசியும் இரத்தம் பல மணி நேரம் கழித்துக்கூட வேலையைக் காட்டலாம்.

வலிப்பு

கடிகாரத்தைப் பாருங்கள். ஆரம்பித்த நேரம்தான் மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் தகவல். பிறகு சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை நகர்த்துங்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள், கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள், மடித்த துணியைத் தலைக்கு அடியில் கொடுங்கள். துடிக்கும் கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள், எலும்பு முறியலாம். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதுவும் போகக் கூடாது: நாக்கை விழுங்கிவிடுவது என்று ஒன்று நடப்பதே இல்லை, பல் உடைந்து மூச்சுக்குழாயில் போவது நடக்கும்.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கும். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உங்கள் பக்கம் இருக்கும் அவர் கையை உடலுக்குச் செங்கோணமாக நீட்டுங்கள். அவருடைய மறு கையை எடுத்து, அதன் புறங்கை உங்கள் பக்கம் இருக்கும் அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்து முழங்காலை மடக்கி உங்கள் பக்கம் இழுத்தால் உடல் சுலபமாகத் திரும்பும். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து விடுங்கள். எச்சிலோ வாந்தியோ வெளியே வழிந்துவிடும்.

5 நிமிடத்தைத் தாண்டினால், நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தால், காயம் பட்டிருந்தால், தண்ணீரில் இருக்கும்போது வலிப்பு வந்திருந்தால், கர்ப்பிணியாக இருந்தால், முதல்முறை என்று தெரிந்தால் ஆம்புலன்ஸ் அவசியம். முழு நினைவு வரும்வரை குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். விழித்ததும் கொஞ்ச நேரம் குழம்பியிருப்பார். உடை நனைந்திருந்தால் ஒரு துணியைப் போட்டு மூடி, வேடிக்கை பார்ப்பவர்களைக் கலையச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய உதவி அந்த நேரத்தில் வேறு இல்லை.

மயக்கமா, அதற்கும் மேலா?

வெறும் மயக்கம் என்றால் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினாலே ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் மூச்சைப் பாருங்கள், 10 விநாடிக்கு மேல் வேண்டாம். மூச்சு இருந்தால் மேலே சொன்னபடி ஒருக்களித்து வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இல்லை, அல்லது மீனைப்போல இடைவெளிவிட்டு வாயைத் திறந்து திணறுகிறார் என்றால், இதயம் நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் திணறலை மூச்சு என்று நினைத்துக் காத்திருப்பதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. அழைப்பு போனதும் மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்குங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதப் பயிற்சி இல்லை என்றால் அமுக்குவதை மட்டும் தொடருங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். களைத்த கை ஆழமாக அமுக்காது.

வியர்த்து, நடுங்கி, நாக்குக் குழறித் தள்ளாடுபவரைக் குடிகாரர் என்று ஒதுக்கிவிட்டுப் போவது நாம் அடிக்கடி பார்ப்பது. நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே தோற்றம்தான். விழுங்கும் நிலையில் இருந்தால் 15 முதல் 20 கிராம் சர்க்கரை கொடுங்கள்: 3, 4 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, 150 மி.லி. இனிப்பான பழச்சாறாகவோ. சர்க்கரையில்லா பானம் உதவாது. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும்.

வழிதவறியவர்கள்

குழந்தை என்றால், குந்தி உட்கார்ந்து அதன் கண்மட்டத்தில் பேசுங்கள். கண்ட இடத்தைவிட்டு வெகுதூரம் அழைத்துப் போகாதீர்கள், பெற்றோர் முதலில் தேடி வருவது அங்கேதான். உங்களோடு இன்னொருவரையும் நிற்க வைத்துக்கொள்ளுங்கள், காவலரிடமோ அந்த இடத்தின் பணியாளரிடமோ சொல்லி அனுப்புங்கள். குழந்தையின் பெயரை உரக்கக் கத்தாதீர்கள். “என் பிள்ளைதான்” என்று ஒருவர் வந்தால், பெயரையும் அடையாளத்தையும் அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளை அவரிடம் தாவுகிறதா, ஒதுங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

ஞாபகமறதி உள்ள முதியவர் என்றால் முன்பக்கமாக, மெதுவாகப் போய், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதிலுக்கு 10 விநாடி பொறுங்கள். இறந்துபோன தாயைப் பார்க்கப் போகிறேன் என்பார். “அவர் இல்லையே” என்று திருத்தினால் அந்தத் துக்கம் புதிதாக வந்து விழும். “அம்மாவைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்று பேச்சை வளர்த்தபடி, கைவளையத்திலோ சட்டைப்பையிலோ முகவரி இருக்கிறதா என்று அவர் அனுமதியோடு பாருங்கள்.

ஒப்படைக்கும்போது

ஆம்புலன்ஸ்காரர்களிடம் நீங்கள் ஊகிப்பதை அல்ல, பார்த்ததைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு நடந்தது, விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், நினைவு எப்போது தப்பி எப்போது வந்தது, என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள். அவருடைய பை, கைப்பேசி, கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் இன்னொருவர் பார்த்திருக்க அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். கைப்பேசி பூட்டியிருந்தாலும் பல கைப்பேசிகளின் பூட்டுத் திரையில் அவசர அழைப்பு என்ற பகுதியில் மருத்துவக் குறிப்பும் வீட்டார் எண்ணும் கிடைக்கும். அங்கிருந்து வீட்டாரை அழைத்தால், எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பதறியவர்கள் அடுத்த வாக்கியத்தைக் கேட்காமலே வைத்துவிடுவார்கள்.