ஒளியியலில் மாஸ்டர்ஸ்: விமானம் ஏறும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பெங்களூரு சி.வி. ராமன் நகரில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர், இந்திராநகர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது ஒரு ஃபைலோடு வந்து உட்காருவார்கள். அம்மா காபி கலந்து கொடுப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "அக்கா, போட்டானிக்ஸ் படிக்க எந்த யூனிவர்சிட்டி நல்லது?" ஜெர்மனியில் யேனா நகரில் போட்டானிக்ஸ் படித்துவிட்டு வந்து, இங்கே லென்ஸ் வடிவமைப்பு வேலை பார்ப்பவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. கேள்வியில்தான் முதல் தவறே இருக்கிறது.

போட்டானிக்ஸ், அதாவது ஒளியை உண்டாக்கி, செலுத்தி, அளக்கும் தொழில்நுட்பம், ஒரு தொழில் இல்லை; நாலைந்து தொழில்களுக்குப் பொதுப்பெயர். கேமராவுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் லென்ஸ் வடிவமைப்பவர் ஒருவர். சிலிக்கான் சில்லுக்குள் ஒளிக்குப் பாதை போடுபவர் இன்னொருவர். லேசர் கட்டுபவர், ஃபைபர் இழுப்பவர், ஒளித்துகளான ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணுபவர் என்று வரிசை நீளும். இவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் வேறு, கணக்கு வேறு, பிறகு வேலைக்குப் போகும் கம்பெனியும் வேறு. ஊர்களும் அப்படித்தான். யேனாவில் கார்ல் ஸைஸ் 1846-ல் பட்டறை போட்டார்; எர்ன்ஸ்ட் ஆபே அங்கேதான் 1873-ல் மைக்ராஸ்கோப்பால் எவ்வளவு நுண்ணியதைப் பிரித்துக் காண முடியும் என்ற எல்லையைக் கணக்கிட்டுச் சொன்னார். லென்ஸும் இமேஜிங்கும் அந்த ஊரின் ரத்தத்தில் இருக்கின்றன. பெல்ஜியத்தின் கென்ட் சிலிக்கான் போட்டானிக்ஸுக்குப் பேர் போனது. நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் என்றால் இண்டியம் பாஸ்ஃபைடு என்ற குறைக்கடத்தியில் செய்யும் ஒளிச் சில்லுகள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஃபைபரின் ஊர். கடலடி கேபிள்களில் ஒளியைப் பெருக்கும் எர்பியம் ஃபைபர் பெருக்கியை 1987-ல் செய்து காட்டிய குழு அங்கே இருந்தது. பார்சிலோனா பக்கம் போனால் குவாண்டமும் நானோவும்.

ஆகவே ரேங்க் பட்டியலை மூடி வையுங்கள். பிடித்த மூன்று ஆய்வுக்குழுக்களின் பக்கத்துக்குப் போய், கடந்த மூன்று ஆண்டுகளில் அங்கே மாஸ்டர்ஸ் மாணவர்கள் எழுதிய ஆய்வேட்டுத் தலைப்புகளைப் படியுங்கள். எந்தத் தலைப்பில் ஆறு மாதம் உட்கார உங்களுக்கு ஆசை வருகிறதோ, அந்த ஊருக்கு விண்ணப்பியுங்கள்.

அமெரிக்கா போகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ராச்செஸ்டரில் 1929-லிருந்து ஒளியியலுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அரிசோனாவும் மத்திய ஃப்ளோரிடாவும் அருமையான இடங்கள். படிப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்டு ஒளியியல் வேலைகளில் பெரும்பங்கு ராணுவத்துறை சார்ந்தது. அவற்றில் பலவற்றுக்கு, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ கையில் இருக்க வேண்டும். படித்து முடித்தபின் ஓ.பி.டி. என்ற மாணவர் வேலை அனுமதியில் 12 மாதம், அறிவியல் பாடங்களுக்கு மேலும் 24 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டுதான்; ஆனால் கதவே திறக்காத கம்பெனிகளுக்கு விண்ணப்பித்து அதில் பாதியைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். டெலிகாம், மருத்துவக் கருவி, செமிகண்டக்டர் பக்கம் போகும் பாடங்களை முதல் செமஸ்டரிலேயே எடுத்தவர்கள் தப்பித்தார்கள்.

காகித வேலையில் வரும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்கும் இந்தியர்களுக்கு 2022 நவம்பர் முதல், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். அட்மிஷன் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கடைசி செமஸ்டருக்கு முன்பே தொடங்குங்கள். மாதாமாதம் அளவாக மட்டுமே பணம் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுன்ட்டில் ஓராண்டுச் செலவைப் போட்டு வைக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. கல்விக் கட்டணம் இல்லை என்ற பேச்சை எல்லா ஊருக்கும் பொருத்தாதீர்கள். கார்ல்ஸ்ரூஹே இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்கள் 2017-லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். அப்புறம், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் மாஸ்டர்ஸுக்கான எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகைக்கு அக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். நம் பிள்ளைகள் மார்ச்சில்தான் விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள்.

மதிப்பெண் மாற்றும் கணக்கையும் யாரும் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 என்றால் பாஸ். நம் உச்ச மதிப்பெண்ணையும் பாஸ் மதிப்பெண்ணையும் வைத்துத்தான் அதை மாற்றுகிறார்கள். சி.ஜி.பி.ஏ. 8 என்று வைத்துக்கொள்வோம். பாஸ் 5 என்றால் 2.2 வரும், பாஸ் 4 என்றால் 2.0. அந்தப் புள்ளி இரண்டில் இடம் போனதுண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தின் பாஸ் மதிப்பெண்ணைக் காட்டும் தாளை வாங்கி விண்ணப்பத்தோடு சேருங்கள். கன்சல்டன்சிக்காரர் தனியார் கல்லூரிப் பட்டியலை மட்டும் நீட்டினால், யார் அவருக்குக் கமிஷன் தருகிறார்கள் என்று நேராகவே கேளுங்கள்.

இனி எஸ்.ஓ.பி. என்கிற நோக்க அறிக்கை. என் மனசு அதிகம் வருந்துவது இதற்குத்தான்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள், ஈ.சி.ஈ. இறுதியாண்டு. அவள் அறிக்கையின் முதல் வரியில் வானவில். இரண்டாவது பத்தியில், ராமன் 1921-ல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து வியந்தது. இந்தியாவிலிருந்து போகும் ஒளியியல் அறிக்கைகளில் பாதியில் அந்தக் கப்பல் வரும். ராமனிடம் எனக்கும் பக்தி உண்டு, குடியிருப்பதே அவர் பெயரில் உள்ள பேட்டையில். ஆனால் அதைப் படிக்கும் பேராசிரியருக்கு ராமனைத் தெரியும், உங்களைத்தான் தெரியாது.

"உன் ப்ராஜெக்ட் என்னம்மா?" என்று கேட்டேன். மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டர்; ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து, ஃப்ரிஞ்ச் என்ற இருள்-ஒளிக் கோடுகளைக் காட்டும் கருவி. "அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை அக்கா, மூன்று வாரம் ஃப்ரிஞ்சே நிற்கவில்லை" என்றாள். ஏன் நிற்கவில்லை? லேப் லிஃப்டுக்குப் பக்கத்தில். லிஃப்ட் நகர்ந்தாலும் யாராவது நடந்தாலும் கோடுகள் ஓடும். ஹீலியம் நியான் லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர். கண்ணாடி அதில் பாதி, சுமார் 316 நானோமீட்டர், நகர்ந்தாலே ஒரு கோடு கடந்துபோகும். இவள் சைக்கிள் ட்யூப் இரண்டில் அளவாகக் காற்றடித்து, மேலே பலகை வைத்து, மணல் தட்டைப் பரப்பி, கண்ணாடிகளை அந்த மணலில் ஊன்றியிருக்கிறாள். இரவு பதினோரு மணிக்கு, எல்லோரும் போனபிறகு, கோடு நின்றது. மறுநாள் பகலிலும் நின்றது.

இதை எழுதவே இல்லை அவள். பெரிய கருவி இல்லையே என்று வெட்கப்பட்டிருக்கிறாள். வானவில்லையும் கப்பலையும் எடுத்துவிட்டு, லிஃப்டிலிருந்து தொடங்கச் சொன்னேன். என்ன தடுத்தது, எப்படிக் கண்டுபிடித்தாள், எதை மாற்றினாள், எவ்வளவு மேம்பட்டது, இன்னும் என்ன குறை. அவ்வளவுதான். பரிந்துரைக் கடிதமும் துறைத்தலைவரிடம் வேண்டாம், மணல் தட்டு வைக்க இடம் கொடுத்த ஆசிரியரிடமே வாங்கு என்றேன்.

சேர்ந்தபிறகு முதல் செமஸ்டரில் விழுபவர்கள் பெரும்பாலும் கணக்கில் விழுகிறார்கள். இயற்பியல் படித்தவர்களுக்கு, எதையும் அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே மாற்றத்தைச் சிக்னலில் பயன்படுத்திய பழக்கம் இருக்காது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு மின்காந்த அலைக்கான மேக்ஸ்வெல் சமன்பாடுகளும், ஒளியலை அதிரும் திசையைச் சொல்லும் முனைவாக்கமும் மறந்திருக்கும். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஒரு லென்ஸ் எப்படி ஃபூரியே மாற்றம் செய்கிறது என்பதைத் தாளில் போட்டுப் பாருங்கள், ஒரு பிளவைக் கடக்கும் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவைப் பைத்தானில் வரையுங்கள். ஒளிக்குப் பாதையாக இருக்கும் அலைவழிகாட்டியில் ஒளி போவதைக் கணினியில் பார்க்க மீப் என்ற இலவச மென்பொருள் போதும். பாடம் ஆங்கிலத்தில்தானே என்று ஜெர்மனை விட்டுவிடுவதும் தவறு. நான் விட்டேன். பகுதிநேர வேலைக்கு நேர்காணல் போனபோதுதான், பட்டறையில் லென்ஸ் தேய்க்கும் மனிதரிடம் பேச எனக்கு மொழி இல்லை என்று புரிந்தது. பி1 என்ற நடுத்தர நிலை வரையாவது ஜெர்மனை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, கைப்பழக்கம். நம் லேபில் எதையும் விரலால் எடுத்துப் பழகியவர்கள் அங்கே நுண்கோடுகள் பொறித்த தகடான விளிம்பு விளைவுக் கீற்றணியின் முகத்தைத் தொட்டுவிடுகிறார்கள். லென்ஸில் பட்ட கைரேகையைத் துடைக்க வழி உண்டு. கீற்றணியில் பட்டால் அது போச்சு. எப்போதும் ஓரத்தில் பிடிக்க வேண்டும். லேசர் மேஜையருகே போகும்போது மோதிரம், வளையல், வாட்ச் கழற்றிவிட வேண்டும், பளபளக்கும் எதுவும் கற்றையைத் திருப்பிவிடும். டெலிகாமில் ஓடும் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி கண்ணுக்கே தெரியாது, இருட்டாக இருக்கிறது என்பதால் லேசர் அணைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் குனிந்தாலும் உங்கள் கண் கற்றையின் உயரத்துக்கு வந்துவிடும். பேனா கீழே விழுந்தால் கற்றையைத் தடுத்துவிட்டு, மேஜைக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு குனிந்து எடுங்கள்.