பழைய வாளியில் தக்காளி, மிளகாய்

வெட்டவெளியில் செடி வளர்க்க விலை கூடிய தொட்டி எதற்கு? 15-20 லிட்டர் பழைய வாளி போதும், ரசாயனம் இருந்த வாளி மட்டும் வேண்டாம். அடியில் 5, 6 துளை போடுங்கள். துளைக்கு மேல் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பார்கள்; நானும் நம்பிப் பரப்பியவன்தான். உண்மையில் ஜல்லிக்கு மேலுள்ள மண்ணில் ஈரம் இறங்காமல் தேங்கும், வேர் அழுகும். மண் ஒழுகாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை விரித்தாலே போதும். மண், மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. வெயில் 6 மணி நேரமாவது படவேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வாளியை இரண்டு செங்கல்மேல் வைத்தால் துளை அடைபடாது.